பெயர் போட்ட போத்தலும் பெயரில்லாக் கிறீமும்

யாழ்ப்பாணத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வெள்ளை மருந்தை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. சொறி, சிரங்கு, கடி என்று வைத்தியசாலைக்குப் போனால் போத்தலில் ஊற்றித் தருவார்கள். பின்னேரம் குளித்துத் துடைத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே ஓரிடம் மிச்சம் விடாமல் பூசவேண்டும். சொறிந்து புண்ணான இடத்தில் பட்டால் பிள்ளைகள் குழறிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார்கள். வீட்டில் ஒருவருக்குத்தான் கடி என்றாலும் எல்லாரும் பூசியாக வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இல் போருக்குப் பயந்து வலிகாமம் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கொக்குவிலும் வெறுமையானது. ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள் படுத்தெழும்பிய அந்த நாட்களில் இந்த மருந்தின் எரிச்சலை அறியாமல் தப்பிய பிள்ளைகள் குறைவு.

அந்த மருந்தின் பெயர் பென்சைல் பென்சோவேற்று. நூறு மில்லிலீற்றரில் 25 கிராம் அதுதான். மிச்சம் தண்ணீரும், அந்த எண்ணெய்ப் பொருளைத் தண்ணீரோடு பிரியாமல் பிடித்து வைக்கும் குழம்பாக்கியும்.

இப்போது அதே பெயர் வேறோர் இடத்தில் கண்ணில் படுகிறது. ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர்கள் பெட்டியில் கொண்டுவரும் லோஷன், ஸ்பிறே, ஷாம்பு ஆகியவற்றின் பின்பக்கத்தில், பொடி எழுத்தின் கடைசி வரிகளில், லினலூல், லிமொனின், சிற்றொனலோல் என்ற வரிசையோடு. கொக்குவிலில் எனக்குத் தெரிந்த வீடொன்றில் சுவிஸிலிருந்து வந்து நின்ற பெறாமகள் சித்தியின் லோஷன் போத்தலைக் கைத்தொலைபேசியால் படம்பிடித்துப் பார்த்தாள். சேர்மானங்களை மதிப்பிடும் செயலி சிவப்புக் காட்டியது.

"சித்தி, இதைப் பூசாதேங்கோ. இதில பென்சைல் பென்சோவேற்று இருக்கு."

"பிள்ளை, கைதடிப் பள்ளிக்கூடத்தில இருக்கேக்க உன்ர கொம்மாவுக்கு அதைக் கோப்பையில ஊத்தி நான்தான் பூசிவிட்டனான். அவ உன்னையும் பெத்து, உன்னை இவ்வளவு கதைக்கவும் விட்டிருக்கிறா."

லோஷன் போத்தல் குப்பைக்குப் போகாமல் தப்பியது. ஆனால் என் கண் அதே மேசையில் இருந்த இன்னொரு சாமானில்தான் நின்றது. உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் டப்பி. கலியாண வீட்டுக்கு முன்னர் முகம் வெளுக்கட்டும் என்று எங்கேயோ அழகுநிலையத்தில் கலந்து கொடுத்த கிறீம். அதில் கோட்டுக்குறியீடும் இல்லை, பட்டியலும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. தொலைபேசி படம்பிடிப்பதற்கே அதில் எழுத்து இல்லை. ஆகவே அது சிவப்பும் காட்டவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

நான் சொல்லவந்தது இதைத்தான். பெயர் போட்ட போத்தலைக் கண்டு பயப்படுகிறோம். பெயரே போடாததை முகத்தில் பூசுகிறோம். ஓர் அழகுசாதனச் சேர்மானத்தை எப்படி மதிப்பிடுவது என்பது நமக்குத் தெரியாததாலும், மதிப்பிடுவதற்கு வேண்டிய தகவலைக் கேட்டு வாங்கும் சட்டம் இந்த நாட்டில் இல்லாததாலும் வந்த நிலைமை இது.

பென்சைல் பென்சோவேற்றையே எடுத்துக்கொள்வோம். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு ஒரு வரி போதும்: பென்சோயிக்கமிலமும் பென்சைல் அற்ககோலும் சேர்ந்து உருவாகும் எசுத்தர். நிறமற்ற, எண்ணெய்ப் பசையுள்ள திரவம். தண்ணீரில் கரையாது, தண்ணீரை விடப் பாரமானது என்பதால் துளி விட்டால் அடியில் போய்க் கிடக்கும். ஏறக்குறைய 20 பாகைக்குக் கீழே உறைந்து பளிங்காகும். ஐரோப்பாவில் வாசனை கலப்பவர்கள் மாரிகாலத்தில் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்குவார்கள். எங்கள் மார்கழிக் குளிருக்கு அந்த வேலை வராது. கொதிநிலை 323 பாகை.

இதை முகர்ந்து பார்ப்பவர் ஏமாந்துதான் போவார். மிக மெல்லிய, பிசின் கலந்த இனிப்பு வாசம். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். பிறகு ஏன் வாசனைத் திரவியத்தில் இது? வாசனைத் தொழிலின் உள்வீட்டு விசயம் இது. கஸ்தூரி வாசம் தருகிற செயற்கைப் பொருட்கள் பல, ஒன்றில் தூளாகவோ பளிங்காகவோ இருக்கும். அல்லது தேன்பாகைவிடத் தடிப்பாக இருக்கும். கலக்சோலைட் என்ற கஸ்தூரிப் பொருளைத் தனியே எடுத்தால் அகப்பையால் வழித்தெடுக்க வேண்டும். அதனால்தான் அதைச் சரிபாதி கரைப்பானில் கரைத்து விற்பார்கள். அந்தக் கரைப்பான்களில் ஒன்று பென்சைல் பென்சோவேற்று. இன்னொன்று டைஎதைல் தலேற்று. ஊதுபத்தித் தொழிலில் மலிவாக ஓடுவது. இரண்டாவது வேலை, பிடித்து வைப்பது. கொதிநிலை உயர்ந்த இந்த எண்ணெய் தோலில் மெதுவாகவே ஆவியாகும். தோடை, எலுமிச்சை வாசம் மாதிரி பறந்தோடும் சரக்குகளைக் கொஞ்ச நேரம் மறித்து வைக்கும். சித்திரை வெயிலில் கொக்குவில் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவரின் சட்டையில் பின்னேரம்வரை வாசம் நிற்கிறதென்றால், அதற்குப் பின்னால் இப்படி வாசமே இல்லாத ஆள் ஒருவர் நிற்கிறார்.

செயற்கைப் பெயர் என்பதால் இது செயற்கையாகத்தான் வரவேண்டும் என்றில்லை. பிச்சிப் பூவிலிருந்து எடுக்கும் சாற்றில் நல்ல பங்கு இதுதான். காலி, மாத்தறைப் பக்கம் வடித்தெடுக்கும் கறுவா இலை எண்ணெயில் சில சதவீதம் இது இருக்கிறது. பெரு பல்சம் என்ற மரப்பிசினின் முக்கிய கூறுகளில் இதுவும் ஒன்று. பெயரில் பெரு இருந்தாலும் அது வருவது எல்சல்வடோரிலிருந்து. இதன் பாதியான பென்சோயிக்கமிலத்தை 16ஆம் நூற்றாண்டிலேயே சாம்பிராணியைச் சூடாக்கி எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மஞ்சவனப்பதி முருகன் கோயிலடியில் எழும்புகிற புகைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு உண்டு. தொழிற்சாலையில் இப்போது செய்வது பெரும்பாலும் கல்லெண்ணெயிலிருந்து வரும் தொலுயீனில் தொடங்கி. பூவிலிருந்து வந்தாலும் தொலுயீனிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. தோலுக்கு அதன் பூர்வீகம் தெரியாது.

"இயற்கை" என்ற சொல்லை லேபிளில் அடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிற எங்கள் ஊர் சவர்க்கார வியாபாரத்துக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். கறுவா இலை எண்ணெயில் ஒவ்வாமை உண்டாக்குவது யார் என்று கேட்டால், கை முதலில் நீளவேண்டியது பென்சைல் பென்சோவேற்றை நோக்கி அல்ல. அந்த எண்ணெயின் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டது யூஜினோல். கராம்பிலும் அதுதான். தோல் ஒவ்வாமைக்காக உலகெங்கும் நோயாளிகளின் முதுகில் ஒட்டிப் பார்க்கும் "வாசனைக் கலவை" என்று ஒன்று உண்டு. முதலாம் கலவையில் எட்டுப் பொருட்கள். யூஜினோல் அதில் ஒன்று, கறுவாவின் சின்னமல் இன்னொன்று. இரண்டாம் கலவையில் ஆறு. பென்சைல் பென்சோவேற்று இரண்டிலும் இல்லை. அடிக்கடி ஒவ்வாமை தருகிறவற்றைத்தான் அந்தக் கலவைகளில் சேர்ப்பார்கள். இது அந்த வரிசைக்கு எட்டவில்லை.

அப்படியென்றால் லேபிளில் ஏன் பெயர் போடுகிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் ஒரு முடிவெடுத்தது. அதற்கு முன்னர் "பர்பியூம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஐம்பது நூறு பொருட்களை ஒளித்துவைக்கலாம். ஒவ்வாமை உள்ளவர் எதைத் தவிர்ப்பது என்று தெரியாமல் முழிக்கவேண்டியிருந்தது. ஆகவே 26 பொருட்களைத் தெரிந்தெடுத்து, இவை இருந்தால் பெயரைத் தனியே எழுது என்றார்கள். பென்சைல் பென்சோவேற்றும் அதில் ஒன்று. பூசி விடுகிற பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் எழுதவேண்டும். கழுவி விடுகிற சவர்க்காரம், ஷாம்பு என்றால் 0.01 சதவீதம். 2023 இல் இந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக நீட்டிவிட்டார்கள். புதிதாகச் சந்தைக்கு வரும் சரக்குக்கு 2026 ஜூலை 31, ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 என்று தவணை.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். 0.001 சதவீதம் என்றால் 100 கிராம் கிறீமில் 1 மில்லிகிராம். வெள்ளை மருந்தில் 100 மில்லிலீற்றருக்கு 25 கிராம். இரண்டுக்கும் இடையில் இருபத்தையாயிரம் மடங்கு. பெயர் எழுதவேண்டிய எல்லை என்பது அபாய எல்லை அல்ல; ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர் பார்த்து ஒதுங்குவதற்கான அறிவிப்பு எல்லை. செயலி செய்கிற பிழை இங்கேதான். அதற்குப் பெயர் தெரியும், அளவு தெரியாது. பட்டியலில் அளவு எழுதப்படுவதில்லை. ஒரு மில்லிகிராமுக்கும் ஒரு கிராமுக்கும் அதே சிவப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிறேயை ஒரு தரம் அழுத்தினால் ஏறக்குறைய 0.1 மில்லிலீற்றர் வெளிவரும். அதில் பென்சைல் பென்சோவேற்று 2 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஓர் அழுத்துக்கு 2 மில்லிகிராம். வளர்ந்த ஒருவர் சொறிக்கு உடம்பு முழுவதும் 30 மில்லிலீற்றர் மருந்து பூசினால் 7.5 கிராம். அதாவது ஒரு நாள் மருந்துக்கு ஈடுகட்ட அந்த ஸ்பிறேயை 3750 தரம் அழுத்தவேண்டும். அந்த மருந்தும் ஒரு நாளோடு முடிவதில்லை என்பது பூசியவர்களுக்குத் தெரியும்.

இதன் பழைய கதையும் இந்த மதிப்பீட்டுக்குள் வரவேண்டியது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்குள் சொறி பெருகியபோது, கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் ஷெபீல்டில் ஒரு வீட்டை எடுத்து, போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாத இளைஞர்களைத் தொண்டர்களாக வைத்துப் பரிசோதித்தார். சொறி வந்தவர்களின் உள்ளாடையையும் போர்வையையும் அவர்கள் வாரக்கணக்காய்ப் பாவித்தார்கள். தொற்று அரிதாகத்தான் வந்தது. உடம்போடு உடம்பு ஒட்டிப் படுப்பதுதான் வழி என்று தெளிவானது. உடம்பு முழுவதும் வடிவாய்ப் பூசினால் பென்சைல் பென்சோவேற்று சொறிப்பூச்சியைக் கொல்கிறது என்பதும் அந்தக் காலத்திலேயே நிலைபெற்றது. தண்ணீருக்கு வரிசையில் நின்ற முகாம்களில் உடுப்பு அவிக்க விறகு தேடி அலைந்த அம்மாமாரை நினைத்தால், 1940களில் தெரிந்த செய்தி எங்கள் வகுப்பறைகளை வந்தடைய எவ்வளவு சுணங்கியிருக்கிறது என்று தோன்றும். அது வேறு கட்டுரை.

இங்கே வேண்டியது இதுதான்: ஒரு பொருளை எண்பது வருடமாக, இருபத்தைந்து சதவீதம் வரையான செறிவில், குழந்தை முதல் கிழவர் வரை பூசியிருக்கிறார்கள் என்பது எந்த ஆய்வுகூட எலிக்கும் குறையாத சாட்சி. அது எரிக்கும். தோலைக் காயவைக்கும். அதனால்தான் சிறுவருக்குப் பாதியாகவும், கைக்குழந்தைக்குக் காலாகவும் தண்ணீர் விட்டுக் குறைப்பார்கள். ஆனால் ஒவ்வாமை என்று வந்தவர்கள் குறைவு. உடம்புக்குள் போனால் மறுபடி அமிலமாகவும் அற்ககோலாகவும் பிரிந்து, ஈரல் அதை ஹிப்பூரிக் அமிலமாக்கி, சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. உணவுச் சேர்மானங்களைப் பார்க்கும் உலக நிபுணர் குழு இந்தக் குடும்பம் முழுவதற்கும் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்று நீண்டகாலம் வைத்திருந்த எல்லையை 2021 இல் 20 ஆக உயர்த்தியது. அழகுசாதனச் சேர்மானங்களை மீளாய்வு செய்யும் அமெரிக்க நிபுணர் குழுவும் 2017 இல் வெளியிட்ட அறிக்கையில், தற்போது பாவிக்கும் அளவுகளில் பாதுகாப்பானது என்றுதான் எழுதியது.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் நானும் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். பெரு பல்சத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் லேபிளில் இந்தப் பெயரைத் தேடித்தான் ஆகவேண்டும். குறைமாதக் குழந்தைகளின் ஈரலுக்கு மேலே சொன்ன வேலை ஓடாது. 1982 இல் அமெரிக்காவில், இதன் மறுபாதியான பென்சைல் அற்ககோல் காப்புப்பொருளாகச் சேர்த்த திரவங்களை ஊசிக்குழாய் கழுவப் பாவித்ததால் அப்படிப்பட்ட குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தது பதிவாகியிருக்கிறது. பூனையின் ஈரலுக்கும் இந்த வகைப் பொருட்களைச் சமாளிக்கும் வலு குறைவு. வீட்டில் மிஞ்சிய சொறி மருந்தைப் பூனைக்குப் பூசிவிடுகிற பழக்கம் யாருக்கேனும் இருந்தால் இன்றோடு விடுங்கள். மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் இது நஞ்சு என்று ஐரோப்பிய வகைப்படுத்தலிலேயே உண்டு. ஆறில்லாத குடாநாட்டில் மீனுக்கென்ன என்று கேட்கலாம். குளித்த தண்ணீர் எங்கே போகிறது? சுண்ணாம்புக் கல்லுக்குள். அதே கல்லுக்குள்ளிருந்துதான் அடுத்த வளவுக் கிணற்றுக்குத் தண்ணீர் ஊறுகிறது. இந்த எசுத்தர் மண்ணில் நுண்ணுயிர்களால் எளிதில் சிதைவது என்பது ஓர் ஆறுதல். ஆனால் எதையும் மதிப்பிடும்போது தோலோடு நின்றுவிடாமல் வாய்க்கால்வரை போய்ப் பார்க்கவேண்டும்.

கிணறு என்றதும் சுன்னாகம் ஞாபகம் வரும். 2014, 2015 இல் மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த விவகாரத்தில் சனம் கேட்டது ஒரேயொரு கேள்வி: தண்ணீரைக் குடிக்கலாமா, குடிக்கக்கூடாதா? நிபுணர்கள் தந்தது வெவ்வேறு விடைகள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்காக இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தும்படி அந்த மின் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. ஆனால் அந்த வருடங்களில் சனத்துக்கு ஏற்பட்ட அவநம்பிக்கைக்கு நட்டஈடு இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த அளவுக்கு மேல் கெடுதி, யார் அளந்தது: இந்த நாலும் சேர்ந்து ஒரே தாளில் கிடைக்காவிட்டால் எந்த மதிப்பீடும் வதந்தியாக முடியும். சனம் பிறகு எல்லாவற்றுக்கும் பயப்படும். அல்லது ஒன்றுக்குமே பயப்படாது.

இனி அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் டப்பிக்கு வருவோம். வெளுப்புக் கிறீம்களில் பாதரசம் சேர்ப்பது புதுக்கதை அல்ல. தோலுக்கு நிறந்தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கும். இரண்டு மூன்று கிழமைக்குள் முகம் வெளுப்பது கண்ணுக்குத் தெரியும். பலன் கண்ணுக்குத் தெரிவதால் வியாபாரம் ஓடும். தோலூடாக உள்ளே போகிற பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். பூசியவர் மட்டுமல்ல, ஒரே தலையணையில் படுக்கிற பிள்ளையும் அதைத் தொடும். இலங்கையும் இணைந்திருக்கும் மினமாட்டா உடன்படிக்கை, அழகுசாதனத்தில் பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020 ஐத் தவணையாக வைத்தது. 2023 இல் அந்த ஒரு பங்கையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனமே கூடாது என்று 2025 ஐத் தவணையாக்கினார்கள். உடன்படிக்கை கொழும்பில் இருக்கிறது. கிறீம் கொக்குவிலில் இருக்கிறது.

நடுவில் என்ன இல்லை? சட்டம் இல்லை. 1980 இல் பாராளுமன்றம் அடுத்தடுத்து இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. 26ஆம் இலக்கம் உணவுச் சட்டம். 27ஆம் இலக்கம் அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டம். தலைப்பின் முதற்சொல்லே அழகுசாதனம்தான். உணவுச் சட்டத்தின் கையாக இன்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து வடைக்குமேல் ஈ மொய்க்கிறதா என்று பார்க்கிறார். 27ஆம் இலக்கச் சட்டத்தை 2015 ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நீக்கியது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை உருவாக்கிய நல்ல சட்டம் அது. பேராசிரியர் சேனக பிபிலே காலத்திலிருந்து கேட்டுவந்த மருந்துக் கொள்கையின் பலன். மருந்து, மருத்துவ சாதனம், இரண்டுக்கும் எல்லையில் நிற்கும் பொருட்கள் என்று அது தன் வேலையை வரையறுத்துக்கொண்டது. அழகுசாதனம் தலைப்பிலிருந்தே விழுந்துபோனது. அதற்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு அன்று முதல் நடக்கிறது. பேச்சு மட்டும்.

இதன் பலனை ஒரு பெயரை வைத்தே காட்டலாம். பியூட்டைல்பினைல் மெத்தில்புரொப்பியனல் என்று ஒரு வாசனைப் பொருள். மென்மையான பூவாசம், பல வருடம் ஷாம்புவிலும் டியோடரன்ரிலும் கொடிகட்டிப் பறந்தது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டதால் 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கத் தடை. அதற்கு முன்னர் அடைத்த போத்தல் ஒன்று நாளைக்கு எங்கள் கடைத்தட்டில் நின்றால் அதை எடுத்து வை என்று சொல்ல எந்தப் பரிசோதகருக்கும் பிடி இல்லை. செயலியில் சிவப்பாய் எரியவேண்டியது இந்தப் பெயர். பென்சைல் பென்சோவேற்றுக்கும் இதற்கும் ஒரே நிறம் கொடுக்கிற கருவியை நம்பி லோஷனை எறிவது, குறுக்கே ஓடின பல்லிக்கும் பாம்புக்கும் ஒரே தடியை எடுப்பது போல.

எங்கள் பக்கத்தில் வீட்டில் சவர்க்காரம் காய்ச்சி விற்கும் பெண்கள் இப்போது நிறைய. கற்றாழை, வேம்பு, சந்தனம் என்று வடிவாகப் பொதி செய்கிறார்கள்; அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. தேங்காயெண்ணெயும் சோடாவும் அளக்கும்போது கிராம்கூடப் பிசகமாட்டார்கள். ஆனால் வாசனை எண்ணெய் வருவது புறக்கோட்டையிலிருந்து, வெள்ளைக் கானில், மார்க்கர் பேனையால் "மல்லிகை" என்று எழுதி. அதற்குள் என்ன கரைப்பான், எத்தனை சதவீதம், எந்த ஒவ்வாமைப் பொருள் என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன்.

"சேர், கடைக்காரர் ஒரிஜினல் எண்டுதான் சொன்னவர்."

அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? கானோடு ஒரு தாள் வந்திருக்கவேண்டும். வாசனைத் தொழிலின் சர்வதேச அமைப்பு 1973 இலிருந்து இயங்குகிறது. ஒவ்வொரு கலவையையும் சவர்க்காரத்தில் இவ்வளவு, பூசும் லோஷனில் இவ்வளவு, உதட்டுப் பூச்சில் இவ்வளவு என்று எல்லை காட்டும் சான்றுத்தாளை முறையான உற்பத்தியாளர்கள் கேட்காமலே தருவார்கள். கூடவே ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலும் வரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குகிற பழக்கம் வந்தால் விலை கொஞ்சம் ஏறும். ஆனால் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பெட்டி அனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தத் தாள் இல்லாமல் கதவு திறக்காது.

வாங்குகிறவர் பங்குக்கு, புதுப் பொருள் எதையும் முழங்கைக்கு உட்பக்கம் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் காலையும் மாலையும் ஒரு கிழமை பூசிப் பார்க்கலாம். சிவந்து கடித்தால் நிறுத்திவிட்டு லேபிளோடு தோல் வைத்தியரிடம் போகவேண்டும். "ஏதோ கிறீம் பூசினனான்" என்று போனால் அவருக்கும் வழி தெரியாது. முதுகில் ஒட்டி 48 மணித்தியாலம் விட்டு, எடுத்துப் பார்த்து, பிறகு இரண்டொரு நாள் கழித்தும் பார்த்து, இன்ன பொருள்தான் என்று பெயர் குறிக்கும் சோதனை உண்டு. பெயர் குறித்த பிறகு அந்தப் பெயர் கடைச்சாமானில் எழுதப்படாவிட்டால் சோதனை செய்தும் பலனில்லை. ஆடியபாதம் வீதியில் மருத்துவபீடம் இருக்கிறது. நடக்கிற தூரத்தில் பல்கலைக்கழகத்து இரசாயனவியல் துறை இருக்கிறது. குடாநாட்டுச் சந்தையில் கிடைக்கும் வெளுப்புக் கிறீம்களை வருடத்துக்கொரு தரம் வாங்கி, பாதரசம் அளந்து, முடிவைத் தமிழில் வெளியிடுவது அவர்களால் முடியாத காரியமா? மாணவர் ஒருவரின் இறுதியாண்டு ஆய்வாகவே செய்யலாம்.

அழகுசாதனச் சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை செய்ய ஒன்று இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, லேபிளிடுவது பற்றி உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அந்தச் சபைக்குக் கொடுத்திருக்கிறது, மீறுவது குற்றம். அந்தப் பிரிவின் கீழ் வர்த்தமானியில் ஒரு பக்கம் போதும். தோலில் பூசுவதற்கென்று விற்கும் எதிலும் முழுச் சேர்மானப் பட்டியல், உற்பத்தித் தொகுதி இலக்கம், செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மூன்று மொழியிலும். அழகுநிலையத்தில் கலந்து டப்பியில் கொடுப்பதற்கும் இது பொருந்தவேண்டும். இல்லாவிட்டால் எல்லாச் சரக்கும் டப்பிக்குள் போய்விடும். சிறு உற்பத்தியாளருக்கு லேபிள் செலவு தாங்காது என்று ஒரு வாதம் உடனே எழும்பும். மலிவான பிஸ்கற் பைக்கற்றில்கூடப் பட்டியல் அடித்துத்தான் விற்கிறார்கள். கிறீம் ஒன்றும் அதைவிட மலிவாய் விற்பதில்லை.